கொலஸ்ட்ராலைச் சாப்பாட்டால் குறைப்பது: எதை முதலில், எதைப் பிறகு

கொலஸ்ட்ரால் கூடுதல் என்று ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே எல்லாரும் கடைக்குப் போகிறார்கள். ஓட்ஸ் பாக்கெட், ஆளிவிதை, அரை கிலோ பூண்டு. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. ஒன்றரை மாதம் விடாமல் பூண்டுப்பால் காய்ச்சிக் கொடுத்தேன், ஆரஞ்சு பாக்கெட் பாலில், அதாவது கொழுப்பு கூடிய பாலில். வினையே அந்தப் பாலில்தான் பாதி இருந்தது என்று அப்போது உறைக்கவில்லை.

என் கணவருக்கு 51 வயது. கடலூர் கூத்தப்பாக்கத்திலிருந்து தினமும் பாண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர். ஒழுங்காக எடுத்த முதல் சோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறார்களே, அது) 172. வரிசையை மாற்றிப் போட்ட பிறகு 12 வாரத்தில் 146. அதைப் பார்த்து நாத்தனார், மாடி வீட்டு அக்கா, அவரோடு பஸ்ஸில் போகிறவர்கள் என்று பத்துப் பேராவது வந்து கேட்டுச் செய்தார்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள்: வீட்டில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக எதையாவது சேர்த்தார்கள். முதலில் அளக்க வேண்டும், பிறகு மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும்.

தொடங்கும் முன்: யார் சாப்பாட்டை மட்டும் நம்பக் கூடாது

எல்.டி.எல். 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். கண் இமையில் மஞ்சள் படிவு, குதிகால் தசைநாண் தடித்திருப்பது, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65-க்குள், இவையும் அதே பக்கம்தான் கை காட்டும். ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம், சர்க்கரை நோய் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். இவர்களுக்குச் சாப்பாடு மாத்திரையோடு சேர்ந்து வேலை செய்யும், மாத்திரைக்குப் பதிலாக வராது.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் "சாப்பாட்டிலேயே பார்த்துக்கலாம்" என்று தாங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கொலஸ்ட்ரால் இயல்பாகவே ஏறும். அந்தச் சமயத்து எண்ணை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், பத்தியம் இருக்கவும் வேண்டாம்.

1. சோதனையை ஒழுங்காக எடுங்கள்

முதல் எண் தப்பானால் பின்னால் வரும் ஒப்பீடெல்லாம் தப்பு. நாங்கள் ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் போய் ரத்தம் கொடுத்தோம். ட்ரைகிளிசரைடு 310 என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து, இரவு எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் காலையில் எடுத்தபோது 190. முந்தின இரவின் ஐஸ்கிரீமும் குலாப்ஜாமுனும்தான் அந்த இடைவெளி.

9 முதல் 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும். தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. முந்தின இரண்டு நாளும் விருந்து, மது இரண்டும் வேண்டாம். காய்ச்சல் வந்து எழுந்தவர்கள் சில வாரம் பொறுங்கள், நோயின்போது எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டும். எந்த லேபில் எடுத்தீர்களோ மறுமுறையும் அங்கேயே எடுங்கள்.

இதோடு தைராய்டு (டி.எஸ்.எச்.), வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாடி வீட்டு அக்கா இரண்டு மாதம் எண்ணெயைக் கண்ணில் காட்டாமல் சமைத்தும் எல்.டி.எல். அசையவே இல்லை. கடைசியில் பார்த்தால் தைராய்டு சுரப்பு குறைவு. அது குறைந்தால் ஈரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுப்பதும் குறைந்துவிடும். அதற்கு மாத்திரை போட்ட பிறகுதான் எண் இறங்கியது.

2. எந்த எண் கூடியிருக்கிறது என்று பாருங்கள்

"எனக்குக் கொலஸ்ட்ரால் 248" என்று மொத்தத்தைச் சொல்கிறவர்கள்தான் அதிகம். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒழுங்காக எடுத்தபோது வந்த என் கணவரின் ரிப்போர்ட்: மொத்தம் 248, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 38, ட்ரைகிளிசரைடு 190, எல்.டி.எல். 172.

பல லேபுகளில் எல்.டி.எல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 38. மொத்தத்திலிருந்து அதையும் எச்.டி.எல்லையும் கழித்தால் 172. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, எல்.டி.எல்லைத் தனியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

எதற்காக இவ்வளவு கணக்கு என்றால், ஏறும் வழி வேறு வேறு. எல்.டி.எல். பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பால், அதாவது குளிரில் உறைகிற வகைக் கொழுப்பால் ஏறுகிறது: பால், நெய், தேங்காய், பாமாயில், கறிக்கொழுப்பு. ட்ரைகிளிசரைடு பெரும்பாலும் சர்க்கரை, மைதா, அளவு மீறிய சோறு, மது ஆகியவற்றால் ஏறுகிறது. எல்.டி.எல். கூடியவர் சோற்றை மட்டும் குறைத்தாலும், ட்ரைகிளிசரைடு கூடியவர் நெய்யை மட்டும் விட்டாலும் பாடுபட்டதற்குப் பலன் தெரியாது.

பொதுவாக எல்.டி.எல். 100-க்குள், ட்ரைகிளிசரைடு 150-க்குள், எச்.டி.எல். ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் மேல் இருப்பது நல்லது. உங்களுக்கான இலக்கு இன்னும் கீழே இருக்கலாம், அதை டாக்டர் சொல்வார்.

3. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிக் குதிக்கிறார்கள். "எங்க வீட்டுல எண்ணெயே சேர்க்கறதில்ல" என்று நாத்தனார் அடித்துப் பேசினாள். எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுவிட்டு வந்தேன். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு முக்கால் லிட்டர். அவளே வாயடைத்துப் போனாள்.

வேண்டியது ஒரு பழைய நோட்டு, சமையல்கட்டுத் தராசு, ஒரு டீஸ்பூன். எழுத வேண்டியவை: எண்ணெய் எவ்வளவு, என்ன எண்ணெய்; என்ன கலர் பாக்கெட் பால், எத்தனை; தேங்காய் எத்தனை மூடி; நெய், வெண்ணெய்; சர்க்கரை; வெளியில் தின்றது. கடைசியில் உள்ளதைத் தின்ற அன்றே எழுதுங்கள், வார முடிவில் யோசித்தால் பாதி மறந்துபோகும். என் கணவரின் பட்டியலில் முதல் மூன்று நாள் வெளியில் தின்றது "ஒன்றுமில்லை". நான்காம் நாள் சட்டைப்பையில் பேக்கரிச் சீட்டு கிடைத்தது.

எல்.டி.எல். குறைய வேண்டியவருக்கு நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாளில் 15 கிராம் அளவில் நிற்பது நல்லது. 2000 கலோரி சாப்பிடும் ஆளுக்கு அது 7 சதவீதம். இந்த 15-ஐ மனதில் வைத்துக்கொண்டு நோட்டைப் பாருங்கள்.

4. உறைகிற கொழுப்பை மாற்றுங்கள்

மார்கழிக் காலையில் சமையலறைக்குப் போனால் தேங்காய் எண்ணெய் கட்டியாக நிற்கும், பாமாயில் கலங்கி அடியில் படிந்திருக்கும், கடலெண்ணெயும் (கடலை எண்ணெய்) நல்லெண்ணெயும் ஓடிக்கொண்டிருக்கும். எது எவ்வளவு உறைகிறதோ அதில் அவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம், நெய்யில் 60-க்கு மேல், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கடலெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு.

இது ஏன் எல்.டி.எல்லை ஏற்றுகிறது? ஈரலின் மேல் எல்.டி.எல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் கொக்கிகள் குறையும், பிடிபடாத எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றும். உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே செய்துகொள்கிறது. அதனால்தான் கொலஸ்ட்ரால் துளியும் இல்லாத தேங்காய் எண்ணெய்கூட எல்.டி.எல்லை ஏற்ற முடிகிறது. எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது இருக்காது.

*பால்.* முதலில் இதை மாற்றுங்கள், காரணம் இதுதான் சுலபம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, நீலத்தில் 3. என் கணவர் காலைக் காபி, மாலைக் காபி, இரவு பால், இரண்டு வேளைத் தயிர் என்று ஒரு நாளில் அரை லிட்டர் ஆரஞ்சுப் பாலை முடித்துக்கொண்டிருந்தார். அதில் கொழுப்பு 30 கிராம், நிறைவுற்றது மட்டும் 18-க்கு மேல். ஒரு நாள் கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. நீலத்துக்கு மாறியதும் அது பாதியானது. பாண்டிப் பக்கம் பாண்லே வாங்குகிறவர்கள் கலரைப் பார்க்காமல் கவரில் எழுதியிருக்கும் கொழுப்புச் சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே நாளில் மாற்றினால் "காபி தண்ணியா இருக்கு" என்ற குரல் வரும், எங்கள் வீட்டிலும் வந்தது. ஒரு வாரம் ஆரஞ்சையும் நீலத்தையும் பாதிப்பாதி கலந்தேன், டிக்காஷனைக் கொஞ்சம் கெட்டியாக இறக்கினேன். பிறகு யாரும் கேட்கவில்லை. அத்தைக்கு இன்றுவரை தெரியாது.

*தேங்காய்.* இதைச் சொன்னால்தான் சண்டை. ஒரு மூடியைத் துருவி எடை போட்டேன், 100 கிராம் சொச்சம் வந்தது. அதில் நிறைவுற்ற கொழுப்பு மட்டும் 30 கிராம். காலைச் சட்னிக்கு ஒரு மூடி, மத்தியானக் குழம்புக்கு அரை மூடி என்று அரைக்கிற வீட்டில் நான்கு பேர் பங்கிட்டாலும் ஆளுக்குப் பதினொரு கிராமைத் தாண்டும்.

அடியோடு விட வேண்டியதில்லை. சட்னியில் பாதித் தேங்காயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டுக்கடலை. வாரத்தில் நான்கு நாள் தக்காளி வெங்காயச் சட்னி, மல்லாட்டைச் (வேர்க்கடலைச்) சட்னி, புதினாச் சட்னி. பொரியலில் மேலே தூவ ஆளுக்கு ஒரு டீஸ்பூன் போதும். தேங்காய்ப்பால் குழம்பு மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை. மீன் குழம்பு நமக்குப் புளியிலேயே தேங்காய் இல்லாமல் நன்றாக வரும் என்பதால் அங்கே கஷ்டமில்லை.

*எண்ணெய்.* விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கமெல்லாம் மல்லாட்டை விளைகிற ஊர், கடலெண்ணெய்க்கு நமக்குப் பஞ்சமில்லை. தாளிக்க, வதக்கக் கடலெண்ணெய். குழம்புக்கும் இட்லிப்பொடிக்கும் நல்லெண்ணெய். ஆளுக்கு மாதம் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டருக்குள் நிற்க வேண்டும்.

செக்கெண்ணெய் என்பதால் தாராளமாக ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான், தேங்காய் எண்ணெயின் 90 சதவீதமும் குறைவதில்லை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிற பாமாயிலை விடச் சொல்வது பலருக்குக் கையைக் கடிக்கும், தெரியும். முழுதாக விட முடியாவிட்டால் கார்டுக்குக் கிடைக்கும் அந்த ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மளிகைக் கடையில் மேலும் மூன்று லிட்டர் பாமாயில் வாங்க வேண்டாம். எல்.டி.எல். கூடியவர் தட்டுக்கு மட்டும் கடலெண்ணெயில் தாளித்தாலும் பலன் உண்டு. வடை சுட்ட எண்ணெயை மறுநாள் தாளிக்க எடுத்து வைக்காதீர்கள். அதற்குச் சட்டியில் ஊற்றும்போதே குறைவாக ஊற்றிக் குழிக்கரண்டி அளவில் சுட வேண்டும்.

இந்தப் படிக்கு இரண்டு முழு வாரம் கொடுங்கள். பால், எண்ணெய், தேங்காய் மூன்றும் பழகிய பிறகு அடுத்ததற்குப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்கியவர்கள் ஒருவரும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டவில்லை.

5. இப்போது நார்ச்சத்தைச் சேருங்கள்

எல்லா நாரும் ஒன்றல்ல. தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று ஆகிற நார்தான் நமக்கு வேண்டும். வெண்டைக்காய், ஊறிய வெந்தயம், பார்லி, ஓட்ஸ், பயறுகள், கொய்யா. ஈரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்தநீர் செய்து குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதில் பெரும்பங்கு திரும்பவும் ஈரலுக்கே போகும். இந்தக் கொழகொழப்பு அதைப் பிடித்து மலத்தோடு வெளியே தள்ளிவிடும். குறைந்ததை ஈடுகட்ட ஈரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுக்கும்.

எனக்குப் பிடித்தது சுண்டல். காராமணி, கொண்டைக்கடலை, மொச்சை, கொள்ளு, எதுவானாலும் வெந்தது ஒரு கிண்ணம், அதாவது 130 கிராம் அளவு, நாள் தவறாமல். இது மட்டுமே எல்.டி.எல்லை ஏறத்தாழ 5 சதவீதம் குறைக்கக் கூடியது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பஜ்ஜி இருந்த இடத்தில் சுண்டலை வைத்தால் இரண்டு வேலை ஒன்றாக முடிகிறது. வாயு தொல்லை தரும் என்பவர்கள் கால் கிண்ணத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கரண்டி கூட்டுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள்.

ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் அந்த நார் நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் பலன் தெரியும். அதற்கு 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். இரண்டு ஸ்பூனைப் பாலில் கரைத்துக் குடித்துவிட்டு "ஓட்ஸ் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது சரியல்ல. மசாலா ஓட்ஸ் பாக்கெட்டில் உப்பு அதிகம், சாதா ஓட்ஸ் வாங்கி உப்புமாவாகவோ அடையில் அரைத்தோ போடுங்கள். பார்லியை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு அரிசியைக் கொட்டுகிறார்கள். நாரில் பெரும்பகுதி கொட்டுவதில்தான் இருக்கிறது. வெந்ததையும் கஞ்சியாகக் கடைந்து குடியுங்கள்.

இசப்கோல் நாளுக்கு 10 கிராம், இரண்டு வேளையாக, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு. தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும், மலச்சிக்கலும் வரும். மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

ஒரு கைப்பிடி, 30 கிராம் அளவு, வேகவைத்த மல்லாட்டையும் சேர்க்கலாம். பண்ருட்டி முந்திரியைப் பற்றிக் கேட்கிறார்கள். முந்திரியில் கொலஸ்ட்ரால் கிடையாது. உப்பில்லாமல், பொரிக்காமல் அதே ஒரு கைப்பிடி தின்னலாம், ஆனால் மல்லாட்டையோடு கூடுதலாக அல்ல, மல்லாட்டைக்குப் பதிலாக.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை எங்கள் வீட்டில் காய்ச்சியும் பார்த்துவிட்டோம். நெஞ்செரிச்சல்தான் மிச்சம். குழம்பில் பூண்டு போடுங்கள், நல்லதுதான், அதை நம்பிப் பாலை மாற்றாமல் இருந்துவிடாதீர்கள்.

6. ட்ரைகிளிசரைடு கூடியவர்களுக்கு

நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு 40 கிராம். முதலில் அதைக் குறையுங்கள். வெல்லம், கருப்பட்டி, தேனுக்கு மாறுவது கணக்கில் சேராது, ஈரலுக்கு எல்லாம் சர்க்கரைதான். பழச்சாறும் அப்படியே. பலாப்பழக் காலத்தில் நான்கு சுளையோடு எழுந்துவிடுங்கள்.

சோற்றை நிறுத்த வேண்டாம், தட்டின் பங்கை மாற்றுங்கள். முதலில் காயும் பருப்பும் பாதித் தட்டுக்கு மேல், பிறகு ஒரு கிண்ணம் சோறு. சோற்றை முதலில் குவித்தால் காய் தொட்டுக்கொள்ளத்தான் ஆகும்.

பாண்டியில் வேலை என்றால் மதுவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்" என்பவருக்கும் செவ்வாய்க்கிழமைச் சோதனையில் ட்ரைகிளிசரைடு ஏறி நிற்கலாம். முழுதாக நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே இறக்கம் தெரிகிறது.

7. மீன், முட்டை, கறி

மத்தி, கவலை, கானாங்கத்தை. விலை குறைந்த இந்த மீன்களில்தான் நல்ல கொழுப்பு அதிகம், வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் குழம்பாக. இது ட்ரைகிளிசரைடுக்குத்தான் அதிகம் உதவும். கறி இருந்த இடத்தில் மீன் வந்தால் எல்.டி.எல்லுக்கும் நல்லது. பாமாயிலில் முறுக வறுத்தால் இரண்டும் போச்சு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதம் கருவாட்டுக்குத் தாவி உப்பை ஏற்றிக்கொள்ளாமல் பயறையும் முட்டையையும் வைத்துச் சமாளியுங்கள்.

இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. வாரம் ஒருமுறை தொக்காகச் சாப்பிடலாம். முட்டை நாளுக்கு ஒன்று பெரும்பாலோருக்குப் பாதகமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மஞ்சள் கருவை வாரம் மூன்று நான்கோடு நிறுத்துவது நல்லது. கோழியைத் தோலுரித்து வாங்குங்கள். மட்டனில் வெள்ளையாகத் தெரிவதை வெட்டி எடுங்கள், மூளையும் குடலும் வேண்டாம்.

8. வெளியில் தின்பதற்கு முன்கூட்டியே வழி செய்யுங்கள்

வீட்டில் பார்த்துப் பார்த்துச் சமைத்ததை ஒரு பேக்கரி தீர்த்துவிடும். பாண்டி பேக்கரியில் குரோசான் என்றால் மாவுக்கு நடுவே அடுக்கடுக்காக வெண்ணெய், பப்ஸ் என்றால் பெரும்பாலும் வனஸ்பதி. பாக்கெட் பண்டமானால் திருப்பிப் பாருங்கள்: 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமைத் தாண்டினால் திரும்ப வைத்துவிடலாம். பொருள் பட்டியலில் பாமோலின், வெஜிடபிள் ஃபேட் என்பவை எத்தனையாவதாக இருக்கின்றன என்று பாருங்கள், எடை கூடியதை முதலில் எழுதுவார்கள்.

"வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை, பசிக்கிற நேரத்தில் கையில் வேறொன்று இருக்க வேண்டும். அவர் பையில் சுண்டல் டப்பாவைப் போட்டு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் பேக்கரிச் சீட்டு நின்றது. இரவு பரோட்டா வாரத்துக்கு ஒருநாள் என்று நாளைக் குறித்துவிட்டோம். சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மிளகாய் பஜ்ஜித் தட்டோடு வீட்டுக்கு வருகிறவர்களை நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

9. மறுசோதனை

நான்கு வாரத்தில் மாற்றம் தொடங்கியிருக்கும். ஆனாலும் 8 முதல் 12 வாரம் கழித்து எடுங்கள். எதுவும் செய்யாவிட்டாலும் எல்.டி.எல். ஐந்து பத்து சதவீதம் ஏறி இறங்கும், அவசரப்பட்டு எடுத்தால் எது நம் உழைப்பு, எது தானாக ஆடியது என்று தெரியாது. சோதனைக்கு முந்தின வாரம் மட்டும் பட்டினி கிடக்க வேண்டாம்.

சாப்பாட்டால் 10 முதல் 15 சதவீதம் குறைந்தால் நல்ல பலன் என்றே வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு 172-லிருந்து 146, அதாவது 15 சதவீதம். ட்ரைகிளிசரைடு 190-லிருந்து 140. எச்.டி.எல். 38-லிருந்து 40, அது மெதுவாகத்தான் நகரும்.

ஒன்றுமே அசையவில்லை என்றால் மறுபடி ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். எண்ணெய்க் கோடு பெரும்பாலும் பழைய இடத்துக்கே போயிருக்கும். நோட்டு சரியாக இருந்தும் அசையாவிட்டால் டாக்டரிடம் தைராய்டையும் பரம்பரையையும் பற்றிக் கேளுங்கள்.

146 போதாது என்றுதான் எங்கள் டாக்டர் சொன்னார், என் கணவருக்கு ரத்த அழுத்தமும் இருப்பதால். சின்ன அளவில் மாத்திரை எழுதினார். "அப்ப இவ்வளவு நாள் சாப்பிட்டதெல்லாம் வீணா?" என்று இவர் முகம் வாடியது. "இல்லைங்க, 172-ல வந்திருந்தா பெரிய மாத்திரையா எழுதியிருப்பேன்" என்றார் டாக்டர். வரும் வழியில் நீலப் பாக்கெட் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்த சோதனை எட்டாவது வாரம், அதே லேப், இரவு எட்டு மணிக்கு இட்லி.